வாசலில் கிடந்த உயர்ந்த சுருட்டுகள்! மார்க் டுவெய்ன் நடத்திய பரீட்சை

உலகத்தைச் சிரிக்க வைத்த எழுத்தாளர் மார்க் டுவெய்ன். அமெரிக்காவைச் சேர்ந்தவர். டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின் என்ற இரண்டு சிறுவர்களின் கதைகளை எழுதிப் பெரும் புகழ் பெற்றவர்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுதும்போதும் சுருட்டு, பேசும்போதும் சுருட்டு. அதுவும் எப்படிப்பட்ட சுருட்டு? மிக மிக மலிவான சுருட்டு! அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள், அந்தச் சுருட்டுக்குப் பயந்து, தங்கள் சுருட்டைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த நண்பர்களுக்கு அவர் ஒரு பரீட்சை வைத்தார்.

தண்ணீருக்குச் சுருட்டு

மார்க் டுவெய்னின் சொந்தப் பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1835-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹன்னிபால் என்ற சிற்றூரில் வளர்ந்தார்.

அந்த ஊரில் ஒரு சின்னச் சுருட்டுக் கடை இருந்தது. குழாயடியில் இருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் போதும். கடைக்காரர் சுருட்டுக் கொடுப்பார். பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் சுமந்தார்கள். அவர்களில் சாமுவேலும் ஒருவன். பத்து வயது நிரம்புவதற்குள் புகை பிடிக்கப் பழகிவிட்டான்.

1847-ம் ஆண்டு தகப்பனார் இறந்தார். அப்போது சாமுவேலுக்கு வயது 11. குடும்பம் வறுமையில் வாடியது. பையன் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1859-ம் ஆண்டு லைசென்சு பெற்றான். 1861-ம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. கப்பல் வேலை போயிற்று.

மேற்கே நெவாடாவுக்குப் போனார். பத்திரிகையில் எழுதினார். 1863-ம் ஆண்டு, மார்க் டுவெய்ன் என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். கப்பல்காரர்கள் ஆற்றின் ஆழத்தை அளந்து சொல்லும் வார்த்தை அது. 12 அடி ஆழம் இருக்கிறது, கப்பல் பயமில்லாமல் போகலாம் என்று அர்த்தம்.

நிறுத்தினார், தொடங்கினார்

1870-ம் ஆண்டு ஒலிவியா என்ற பெண்ணை மணந்தார். அன்பான மனைவி. கணவர் புகை பிடிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மனைவிக்காக டுவெய்ன் சுருட்டை விட்டார்.

ஆனால் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. ஆறு அத்தியாயம் எழுதுவதற்குள் திணறிப் போனார். மறுபடியும் சுருட்டைப் பற்ற வைத்தார். மாதம் 300 சுருட்டு என்று கணக்குச் சொல்வார்!

நல்ல சுருட்டு எது?

கையால் சுருட்டிய உயர்ந்த சுருட்டில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் வைக்கும் இலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் இலை, மேலே சுற்றும் வழவழப்பான இலை. இலையைப் பறித்து, உலர்த்தி, குவித்து வைத்துப் புளிக்க விட்டு, மாதக் கணக்கிலும் வருடக் கணக்கிலும் பதப்படுத்துவார்கள்.

சுருட்டைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் முதலில் மேல் இலையைப் பார்ப்பார்கள். கிழிசலும் தடித்த நரம்பும் இருக்கக் கூடாது. பிறகு விரலால் மெல்ல அழுத்துவார்கள். ஓரிடம் கட்டியாகவும் ஓரிடம் தொளதொளவென்றும் இருந்தால், சுருட்டியவர் கை சரியில்லை என்று அர்த்தம். பற்ற வைத்த பின், நெருப்பு ஒரே சீராக இறங்குகிறதா, சாம்பல் உதிராமல் நிற்கிறதா என்று கவனிப்பார்கள். புகையை நெஞ்சுக்குள் இழுக்க மாட்டார்கள். வாயில் வைத்து ருசி பார்ப்பார்கள். காப்பி வாசனை, மர வாசனை, மிளகின் காரம் என்று வகை பிரித்துச் சொல்வார்கள்.

19-ம் நூற்றாண்டில், கியூபா நாட்டின் ஹவானாச் சுருட்டுகளுக்கு வண்ணக் காகிதப் பட்டை சுற்றும் வழக்கம் வந்தது. பட்டையைப் பார்த்தாலே மதிப்புத் தெரிந்துவிடும்.

அங்கேதான் டுவெய்னுக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் ருசிப்பது சுருட்டையா, பட்டையையா?

பரீட்சை

இந்தப் பரீட்சையைப் பற்றி அவரே எழுதி வைத்திருக்கிறார். விருந்துக்கு 12 நண்பர்களை அழைத்தார். அவர்களில் ஒருவர் விலை உயர்ந்த சுருட்டுக்குப் பெயர் போனவர். ஒரு சுருட்டு 40 சென்ட். சிவப்பும் தங்க நிறமுமாகப் பட்டை மின்னும்.

டுவெய்ன் அவர் வீட்டுக்குப் போனார். யாரும் பார்க்காத நேரத்தில், அந்தச் சுருட்டுகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தார். பட்டைகளைக் கழற்றினார். தம்முடைய மலிவுச் சுருட்டுப் பெட்டியில் அடுக்கி வைத்தார்.

விருந்து முடிந்தது. பெட்டி வந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருடைய சிரிப்பும் அடங்கிவிட்டது. மரியாதைக்காக ஆளுக்கு ஒன்று எடுத்துப் பற்ற வைத்தார்கள். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். பிறகு ஏதேதோ சாக்குச் சொல்லி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியேறினார்கள்.

மறுநாள் காலையில் டுவெய்ன் வெளியே வந்து பார்த்தார். வீட்டு வாசலில் இருந்து வெளிக் கதவு வரை சுருட்டுகள் சிதறிக் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் சாப்பாட்டுத் தட்டில் கிடந்தது. அதைப் போட்டுவிட்டுப் போனவர் யார் தெரியுமா? அந்த 40 சென்ட் சுருட்டுகளுக்குச் சொந்தக்காரர்தான்! தம் சுருட்டையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

தம் பெயரையே மறைத்தார்

பெயரைப் பார்த்து ருசி சொல்லும் வழக்கம், பிறகு டுவெய்னையே பாதித்தது.

பிரான்சு நாட்டு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதையை எழுத அவர் ஆசைப்பட்டார். பல ஆண்டுகள் படித்து, உருக்கமாக எழுதினார். ஆனால் மார்க் டுவெய்ன் என்று போட்டால், வேடிக்கைக் கதை என்று நினைத்து ஜனங்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்களே! ஆகவே 1895-ம் ஆண்டு ஒரு மாதப் பத்திரிகையில் அது தொடர்கதையாக வந்தபோது, ஆசிரியர் பெயர் இல்லாமலே வந்தது. சுருட்டில் இருந்து பட்டையைக் கழற்றியவர், தம் கதையில் இருந்து தம் பெயரையும் கழற்றிவிட்டார்.

அது அவருக்குச் சோதனையான காலம். அச்சுக்கோக்கும் எந்திரம் ஒன்றில் பணத்தைப் போட்டு இழந்திருந்தார். அவருடைய புத்தக நிறுவனம் 1894-ம் ஆண்டு முறிந்தது. கடனை அடைக்க உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்தார். 1896-ம் ஆண்டு பம்பாய், கல்கத்தா நகரங்களில் அவர் மக்களைச் சிரிக்க வைத்தார். 

1898-ம் ஆண்டுக்குள் கடன் முழுவதையும் அடைத்தார். தம் நூல்களில் ஜோன் கதையே சிறந்தது என்று கடைசி வரை நம்பினார். உலகமோ ஹக்கிள்பெரி ஃபின்னையே கொண்டாடுகிறது.

நெஞ்சு கொடுத்த தீர்ப்பு

சுருட்டின் ருசியில் ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் மாறலாம். உடம்பு ஒரே தீர்ப்பைத்தான் கொடுக்கும். 1909-ம் ஆண்டு டுவெய்னுக்கு நெஞ்சுவலி கண்டது. நாளுக்கு 40 என்று இருந்த புகையை நாலாகக் குறைக்க நேர்ந்தது. 1910-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, 74-வது வயதில் இதய நோயால் இறந்தார். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும், சுருட்டு வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பிறகு நிரூபிக்கப்பட்டது.

இன்று சுருட்டை ருசி பார்த்து மார்க்குப் போடும் பத்திரிகைகள் உண்டு. சோதிப்பவர் கையில் கொடுக்கும் முன்பு, அந்தப் பத்திரிகைகள் முதலில் செய்யும் வேலை பட்டையைக் கழற்றுவதுதான்.