கணக்கறிந்த தேசபக்தர்: கோ. நடேசய்யர் வரலாறு

மலைநாட்டு வணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இருவரைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஒருவர், காடழித்துக் கோப்பியும், கோப்பி நோயுற்று மாண்டபின் தேயிலையும் பயிரிட்ட வெள்ளைத் துரை. மற்றவர், கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்துகொண்டு கடன் கொடுத்துதவிய நாட்டுக்கோட்டை வணிகர். இவ்விருவருக்கும் இடையே நின்ற மூன்றாமவராகிய பெரிய கங்காணியை வணிகர் வரிசையில் வைத்தெண்ணுவார் அரியர். உண்மையில் அவரும் வணிகரே. அவர் கொண்டு விற்ற பண்டம் மனிதருடைய உழைப்பு.

அவ்வணிகம் நடந்த முறையை முதலில் விளக்கிவிடுதல் நன்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளில் மழை பொய்த்த ஊர்களுக்குக் கங்காணி செல்வார். தம் உறவினரையும் ஊராரையும் திரட்டுவார். வழிச்செலவு, பழைய கடனுக்கு ஈடு, வீட்டில் விட்டுச் செல்வோர்க்கு ஒரு சிறு தொகை என்று முன்பணம் கொடுப்பார். அம்முன்பணம் முழுவதும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். தோட்டத்தை அடைந்தபின் அரிசியும் கம்பளியும் அதே பேரில் ஏறும். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போட்டால் ஒருநாட் கூலி; கொழுந்து குறைந்தது என்று அவர் கருதினால் அரைப்பேர். வரவு இவ்வாறு குறைய, பற்று ஏறிக்கொண்டே போகும். கங்காணி தம் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் பெயர விரும்பினால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இத்தனை ரூபா கொடுத்தால் இவர்களை விடுவேன் என்பது அதன் கருத்து. அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி அழைத்துக்கொள்வார். செலுத்திய தொகை மறுபடியும் அதே தொழிலாளர் தலையில் விழும். கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு நடந்து செல்ல, மனிதர் அதன் பின்னே நடந்தனர்.

எழுத்தறியாத மக்கள் தம் பெயரில் எழுதப்பட்டது இன்னதென்று அறியார். அறியாமை என்பது இங்கே கல்வி பற்றிய குறை மட்டுமன்று. அதுவே அவ்வணிகத்தின் முதல் என்க. இந்த நிலையில், கணக்கு வாசிக்கவும் பிறருக்கு வாசித்துக் காட்டவும் பயின்ற ஒருவர் தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்தார். அவரே கோ. நடேசய்யர்.

நடேசய்யர் 1887ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். வர்த்தகக் கல்வி பயின்று, அதனைப் பிறருக்குக் கற்பித்தவர். அரசியலுக்கு வருமுன் அவர் எழுதிய நூல்களின் பொருளைக் கேட்போர் வியப்புறுவர். கணக்குப் பரிசோதனை பற்றி எழுதினார். காப்புறுதி பற்றி எழுதினார். எண்ணெய் இயந்திரங்களைப் பற்றியும் எழுதினார். ‘வர்த்தக மித்திரன்’ என்ற ஏட்டை நடத்தினார். செய்யுளியற்றுவோரையே ஆசிரியர் என மதித்த பண்டிதருலகம் இத்தகைய நூல்களை நூலாகவே எண்ணவில்லை. ஆயினும், வாணிகத்தையும் பொறியையும் தமிழில் எளிதாகச் சொல்ல ஒரு நடையை அந்நாளில் தேடியவர்களுள் அவரும் ஒருவர். பின்னர்த் தொழிலாளருக்குச் சட்டத்தை விளக்கிய உரைநடை, கணக்குப் புத்தகம் எழுதிப் பழகிய கையினின்றே பிறந்தது.

அவ்வேட்டின் தொடர்பாகவே இலங்கை வணிகரைக் காண வந்தார். வந்தவரின் காதில் தோட்டத் தொழிலாளரின் செய்தி விழுந்தது. நேரிற் காண விரும்பினார். ஆனால் தோட்டத்தினுள் அயலார் புகுதல் அக்காலத்தில் எளிதன்று. துரையின் அனுமதியின்றிப் புகுவோர் அத்துமீறியவராகி வழக்குக்கு ஆளாவர். உறவினர் வீட்டுக்கு வந்த விருந்தினருக்குங்கூட அத்தடை இருந்தது. தடையின்றி லயத்து வாசல் வரை செல்லக்கூடியவர் ஒருசிலரே. சம்பள நாளை அடுத்து மூட்டையோடு ஏறும் புடவை வியாபாரி அவர்களுள் ஒருவர். நடேசய்யர் புடவை மூட்டையைத் தோளில் ஏற்றினார். வியாபாரி வேடத்தில் லயம் லயமாகச் சென்று நிலைமையை அறிந்தார் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கும் செய்தி.

இந்நிகழ்ச்சியை வீரக்கதையாகச் சொல்லி மகிழ்வோர் உளர். எமக்கோ அதனுள் வேறொரு நுட்பம் புலப்படுகின்றது. நாட்டுத் தொண்டருக்கு அடைத்த கதவைத் தோட்டம் வணிகருக்குத் திறந்து வைத்திருந்தது. மலைநாட்டின் பண்பாடே அத்தகையது. கோயில் திருவிழா, காமன் கூத்து, அட்டனிலும் தலவாக்கலையிலும் கடைத்தெருக்களில் நிறையும் சம்பள ஞாயிற்றுக்கிழமை, புடவைக்காரரின் வருகை ஆகிய சிலவே தோட்டத்து மக்களை வெளியுலகோடு சேர்த்தன. புடவைக்காரர் துணி மட்டும் கொண்டுவரவில்லை. அடுத்த தோட்டத்துச் செய்தியும், அக்கரைச் செய்தியும் அவர் மூட்டையில் வந்தன. வணிகத்தை அறிந்தவராதலின் நடேசய்யர் அவ்வழியைக் கண்டுகொண்டார்.

அதன்பின் அவர் இலங்கையிலேயே தங்கினார். 1921இல் ‘தேசநேசன்’ என்ற பத்திரிகையின் ஆசிரியரானார். 1924இல் ‘தேசபக்தன்’ தோன்றியது. அதே காலத்தில் ஆங்கிலத்திலும் ஏடுகள் நடத்தினார். துரைமார் படித்தால்தான் துரைமாருக்கு உறைக்கும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ‘தேசபக்தன்’ செய்தித்தாளாக மட்டும் நில்லாது முறையீட்டு மன்றமாகவும் இயங்கியது. தோட்டங்களில் நிகழ்ந்த கொடுமைகள் வெளிப்படையாக அச்சேறின. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, லயத்தார் பலர் சூழ்ந்திருந்து கேட்பர். தம் குறை அச்சில் ஏறியதைக் கேட்ட மக்கள், அச்செழுத்தும் தமக்குரியதாகலாம் என்று உணரத் தலைப்பட்டனர்.

துண்டு முறையும், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் முறையும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கின. அதற்கு இந்திய அரசின் நெருக்குதலும் காரணமாகும். அச்சட்டத்தின் பெருமையை நடேசய்யர் ஒருவருக்கே சூட்டுதல் பொருந்தாது. சீட்டு ஒழிந்தும் பழக்கம் ஒழியாமல் நின்றதே அவர் எதிர்கொண்ட இடர். கங்காணியின் கடைக் கணக்கு ஒழியவில்லை. ஆள் ஒன்றுக்கு இத்தனை என்று கங்காணி பெற்ற தலைக்காசு ஒழியவில்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 தொடக்கத்தில் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். சட்டத்தில் எழுதிய சதம் கையில் வந்து சேர்கின்றதா என்று பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். கணக்குப் பரிசோதனை பற்றி நூலெழுதியவர்க்கு அது கைவந்த தொழில்.

1925இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியானார். தலைநகரில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து இலங்கைத் தொழிற்சங்கத்தில் உழைத்து, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே கொடியின்கீழ் நின்ற அந்தச் சில ஆண்டுகள் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் அரியவை. வேலை குறுகிய காலத்தில் குணசிங்க இந்தியருக்கு எதிரான பேச்சில் இறங்கவே, 1920களின் இறுதியில் இருவரும் பிரிந்தனர். அப்பிரிவின் இழப்பு இருவரோடு நின்றுவிடவில்லை.

1931இல் நடேசய்யர் அட்டனுக்கு வந்தார். அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அவ்வாண்டில் உருவாயிற்று. தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற் சங்கம் அதுவே. அட்டனை அவர் தேர்ந்ததன் காரணம் தெளிவானது. 1880களில் புகைவண்டி வந்ததுமுதல் டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியாத் தோட்டங்களின் தேயிலையும் அரிசியும் மனிதரும் அந்த ஒரு நிலையத்தின் வழியே ஏறியிறங்கினர். துரையின் வங்கிக் கணக்கும் செட்டியாரின் வட்டிக் கணக்கும் கடைக்காரரின் பற்றுக் கணக்கும் கூடுகின்ற ஊர் அது. கணக்கோடு போரிட வந்தவருக்கு வேறிடம் எதற்கு?

காலமோ கொடிது. உலகெங்கும் வாணிகம் சரிந்து தேயிலை விலை வீழ்ந்தது. கூலி குறைக்கப்பட்டது. வேலையிழந்தோர் பலர் அக்கரைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். நடேசய்யர் கூட்டங்கள் கூட்டினார். தோட்டத்தினுள் இடமில்லை, நகரத்து வெளியிலும் தெருவோரங்களிலும் கூட்டம் நடந்தது. மேடையில் அவருக்குமுன் பேசாமல் பாடியவர் அவர் துணைவியார் மீனாட்சியம்மாள். பாரதியார் பாடல்களையும், தொழிலாளரின் துயரை எளிய சிந்திலும் கும்மியிலும் அமைத்த தம் பாடல்களையும் அவர் பாடினார். கொழுந்து பறிக்கையில் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிப் பழகிய பெண்களுக்கு அம்மெட்டுக்கள் முன்பே தெரிந்தவை, பொருள்தான் புதிது. சட்டத்தின் பிரிவுகளை மறந்தவரும் பாட்டை மறவார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் அவர் பாடல்கள் நூலாக வெளிவந்தன. இலங்கைத் தமிழ்ப் பெண்பாற் புலவரைப் பற்றிப் பேசுவோர் இவ்வம்மையாரை விட்டுவிட்டுப் பேசுதல் முறையன்று.

எழுத்தும் ஓயவில்லை. தொழிலாளர் சட்டத்தை விளக்கி நூல் எழுதினார். ‘நீ மயங்குவதேன்?’, ‘வெற்றியுனதே’ முதலியன ஊக்கமூட்டும் உரைநடை நூல்கள். 1933இல் துரைமார் ஆட்சியைக் கண்டித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 1937இல் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ வந்தது. அந்தரத்தில் தொங்கும் பிழைப்பு என்ற அத்தலைப்பு ஒன்றே போதும், அவருக்கு மக்கள் வழக்கில் இருந்த தேர்ச்சியைக் காட்ட.

1936இல் அட்டன் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்று 1947 வரை அங்கிருந்தார். 1937இல் கிராமச் சங்க வாக்குரிமையிலிருந்து தோட்டத்து இந்தியர் விலக்கப்பட்டபோது எதிர்த்துப் போராடினார். 1939இல் இலங்கை அரசு தன்னிடம் நாட்கூலிக்கிருந்த இந்தியரை நீக்கத் தொடங்கியது. இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்டில் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. கங்காணி ஊருக்குச் சென்று ஆள் திரட்டிவந்த வணிகம் அத்துடன் முடிவுற்றது. அதனைச் சட்டமோ சங்கமோ முழுதும் ஒழிக்கவில்லை. இருநாட்டரசுகளின் பிணக்கு ஒழித்தது.

இனி அவர் குறையையும் சொல்ல வேண்டும். நடேசய்யர் தனித்து நடந்து பழகியவர். தம்மோடு ஒத்தாரையும் தம் பின்னே நடத்தவே விரும்பினார். 1939இல் நேரு இலங்கைக்கு வந்தகாலை இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அதனோடு அவர் இணங்கவில்லை. காங்கிரஸின் தொழிற்சங்கம் தோட்டந்தோறும் கிளை நாட்டி வளர்ந்தது. அதன் தலைவருள் ஒருவரான சௌமியமூர்த்தி தொண்டமான் பெரிய கங்காணியாயிருந்து தோட்ட உடைமையாளரான கருப்பையாவின் மைந்தர். கங்காணி முறையை எதிர்த்துப் பேசிப் பேசி மக்களை விழிப்பித்தவர் ஒதுங்க, கங்காணி குடும்பத்தில் வந்தவர் அம்மக்களின் தலைவரானார். இதனை முரண் என்று நகைப்பது எளிது. ஆனால் ஊரும் உறவும் சாதியும் கலந்து கங்காணியைச் சுற்றி அமைந்த சமூகம் அது. கடன் கொடுத்தவரே திருமணத்துக்கும் சாவுக்கும் முன்னின்றவர். அப்பிணைப்பின் வலிமையை நடேசய்யர் குறைத்தே மதித்தார் என்பது எம் கருத்து. பற்றுவரவில் எழுதப்பட்டதை அவரினும் நுட்பமாக வாசித்தவர் இலர். எழுதப்படாததை வாசிக்கத் தொண்டமான் போன்றார்க்கு வாய்ப்பிருந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நடேசய்யர் தோற்றார். காங்கிரஸ் சார்பில் மலைநாட்டில் ஏழு உறுப்பினர் வென்றனர். அவ்வாண்டு நவம்பரில் நடேசய்யர் காலமானார். அவர் தொடங்கிய சம்மேளனம் அவருக்குப்பின் நிலைக்கவில்லை.

மறு ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர் கணக்கு வாசிக்கக் கற்பித்த மக்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. இந்த நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாய், உன் தந்தை எங்கே பிறந்தார், அதற்குச் சான்று எங்கே என்ற கேள்விகள் எழுந்தன. தோட்டத்தில் பிறந்தோர் பலரிடம் காட்டப் பத்திரமில்லை. சிலர்க்குச் சான்றாக உதவக்கூடிய பழைய எழுத்தாக இருந்தது, அவர்தம் பேர் விழுந்த தோட்டத்துச் செக்ரோல் ஒன்றே.

நடேசய்யரின் பெயர் நாற்பதாண்டு மங்கிக் கிடந்தது. 1988இல் மலையக எழுத்தாளர் சாரல்நாடன் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற நூலை எழுதினார். பத்தாண்டு கழித்து, அவர் நடத்திய ஏடுகளை ஆராய்ந்து ‘பத்திரிகையாளர் நடேசய்யர்’ என்ற மற்றொரு நூலையும் தந்தார். தஞ்சையில் இருந்தபோது எழுதிய கணக்கு நூல்களை இனியேனும் ஒருவர் எடுத்துப் பதிப்பித்தல் வேண்டும்.