பெயரில்லாத மதிப்புரையாளர்

நூல் மதிப்புரை எழுதுவோரைப் பற்றி இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. கவிஞருக்கு ஓர் இயல் உண்டு; புதின ஆசிரியருக்கு ஓர் இயல் உண்டு; திறனாய்வாளருக்கும் உண்டு. வாரந்தோறும் வந்து சேரும் புதிய நூல்களைப் படித்து, குறித்த நாளுக்குள், குறித்த அளவில் கருத்துரைத்து ஊதியம் பெறும் மதிப்புரையாளருக்கு அடிக்குறிப்பில்தான் இடம். வர்ஜீனியா வுல்ஃப் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன 'திருமதி டாலவே', 'கலங்கரை விளக்கத்திற்கு', 'அலைகள்' ஆகிய புதினங்களே. ஆனால் அவர் தம் முதற் புதினம் வெளிவருவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே மதிப்புரையாளராகத் தொழில் தொடங்கியவர். அப்பணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. இறுதியில் அவர் அப்பணியையே ஐயுற்றார். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதையே இங்குச் சொல்ல முனைகிறேன். கவிஞர்கள் ஒருவர் நூலை ஒருவர் மதிப்பிட வேண்டியுள்ள நம் போன்ற வட்டங்களுக்கு இவ்வரலாறு சற்று நெருக்கமானது.

வர்ஜீனியா 1882ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை லெஸ்லி ஸ்டீஃபன் புகழ்பெற்ற திறனாய்வாளர். 'கார்ன்ஹில்' இதழை நடத்தியவர். ஆங்கிலத் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியர். உடன்பிறந்த ஆண்கள் கேம்பிரிட்ஜ் சென்றனர். வர்ஜீனியாவுக்குக் கிடைத்தவை இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் மகளிர் பிரிவில் சில வகுப்புகளும், வீட்டில் கிரேக்கம் கற்பித்த ஆசிரியைகளும், தந்தையின் நூலகமுமே. அந்நூலகத்தில் எந்த நூலையும் தடையின்றி எடுத்துப் படிக்கலாம் என்ற உரிமை அவருக்கு இருந்தது. பல்கலைக்கழகம் தரவேண்டியதை அந்த நூலகம் தந்தது என்று சிலர் எழுதுகின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கற்க மறுக்கப்பட்டவரின் மனக்குறை அவருடைய எழுத்தில் கடைசிவரை மறையவில்லை.

1904 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில், கிறித்தவக் குருமார்களுக்காக நடத்தப்பட்ட 'கார்டியன்' என்னும் வார இதழின் மகளிர் பகுதியில் அவருடைய முதல் மதிப்புரை பெயரின்றி வெளிவந்தது. அமெரிக்கப் புதின ஆசிரியர் ஹோவெல்ஸ் எழுதிய ஒரு நூலைப் பற்றியது அது. இன்று அதே பெயரில் உள்ள நாளிதழ் வேறு. அன்று அது 'மான்செஸ்டர் கார்டியன்'. அந்த டிசம்பரில்தான், பின்னாளில் அவரை மணக்கவிருந்த லெனார்ட் வுல்ஃப் இலங்கை ஆட்சிப் பணியில் சேரக் கொழும்பில் இறங்கினார். 1905 தொடக்கத்தில் அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியேற்றுத் தமிழ் கற்றார். மதிப்புரை பற்றிய அவருடைய கருத்தொன்று இவ்வரலாற்றின் முடிவில் வருவதால் அவரை இங்கேயே அறிமுகம் செய்துவைக்கிறேன்.

தொடக்ககால வர்ஜீனியாவிடம் இரண்டு ஆள்கள் இருந்தனர். தோழிக்கு எழுதிய கடிதத்தில், மதிப்புரை எழுதுவதில் தமக்குள்ள உண்மையான இன்பம் கடுஞ்சொல் சொல்வதே என்று இளமைத் துடுக்குடன் ஒப்புக்கொள்கிறார். அச்சில் வந்தவையோ பணிவும் இனிமையும் மிக்கவை. இந்த முரணைப் பல ஆண்டுகள் கழித்து அவரே விளக்கினார். 1931 சனவரியில் பணிபுரியும் மகளிர் முன் ஆற்றிய உரையில், முதல் மதிப்புரைக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பாரசீகப் பூனை வாங்கியதை நகைச்சுவையோடு சொல்லிவிட்டு, பின்வரும் செய்தியைக் கூறினார். புகழ்பெற்ற ஆண் ஒருவரின் நூலுக்கு மதிப்புரை எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஒரு பெண்ணுருவின் நிழல் தாளின்மேல் விழும். விக்டோரியா காலக் கவிதையொன்றின் தலைப்பிலிருந்து பெயர் பெற்ற 'இல்லத்துத் தேவதை' அவள். நீ இளம்பெண், பரிவோடு எழுது, புகழ்ந்து பேசு, உனக்கென ஒரு மனம் உண்டென்று யாரும் அறிய விடாதே என அவள் காதருகே ஓதுவாள். அவள்மீது மைக்கூட்டை எறிந்து கொன்ற பிறகே உண்மையான மதிப்புரை எழுத முடிந்தது. ஆயினும் அவள் எளிதில் சாகவில்லை என்பது அவ்வுரையின் சாரம்.

இத்தேவதை பெண்களை மட்டும் தேடி வருபவள் அல்லள் என்று எனக்குத் தோன்றுகிறது. நூல் வெளியீட்டு மேடைகளில் ஆடவர் தோளருகிலும் அவளைக் கண்டிருக்கிறேன்.

அக்காலத் தொழிற்சூழலும் எளிதானதன்று. 1905இல் ஹென்றி ஜேம்ஸின் 'பொற்கிண்ணம்' அவரிடம் மதிப்புரைக்கு வந்தது. ஐந்து நாள் உழைத்து எழுதினார். உடனே பாதியை வெட்டித் தருமாறு ஆணை வந்தது. பத்தே நிமிடத்தில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்ததாகத் தோழிக்கு எரிச்சலுடன் எழுதுகிறார். அதே ஆண்டில் டைம்ஸ் நாளிதழின் இலக்கிய இணைப்பிதழ் அவரை எழுத அழைத்தது. கேத்தரின் தெ மெடிசி பற்றிய வரலாற்று நூலுக்கு அவர் எழுதிய மதிப்புரை, கல்விப்புலத் தகுதி போதாது என்று திரும்பி வந்தது. ஆனால் அந்த இதழின் ஆசிரியர் புரூஸ் ரிச்மண்ட் அவரைக் கைவிடவில்லை; நூல்களைத் தொடர்ந்து அனுப்பினார். சமையற்குறிப்பு நூல் முதல் கவிதைத் தொகுதி வரை எது வந்தாலும் அவர் படித்து எழுதினார். அவ்விதழில் மதிப்புரையாளர் பெயரை வெளியிடும் வழக்கம் 1974 வரை இல்லை. ஆகவே வர்ஜீனியாவின் பெயரை வாசகர் அறியார். மதிப்புரை இதழின் குரலாகவே கேட்டது.

இக்காலத்தில் அவர் கைக்கொண்ட ஒரு பழக்கம் வாழ்நாள் முழுதும் நிலைத்தது. நூலைப் பேனாவுடன் படிப்பது அது. ஒரு குறிப்பேட்டில் ஓரமாகப் பக்க எண்ணையும் எதிரே அப்பக்கம் எழுப்பிய எண்ணத்தையும் குறித்துக்கொள்வார். இத்தகைய குறிப்பேடுகள் அறுபத்தேழு ஆய்வாளர்களால் பட்டியலிடப்பட்டுள்ளன. அச்சில் வந்த மதிப்புரையில் தீர்ப்பு இருக்கும். குறிப்பேட்டில் அத்தீர்ப்பு எப்படி உருவாயிற்று என்பது இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மாணவருக்குப் பெரும்பயன் உண்டு.

1912இல் லெனார்டை மணந்தார். அடுத்து வந்த ஆண்டுகள் கடும் நோயில் கழிந்தன. 1915இல் முதற் புதினம் வெளிவந்தது. 1917இல் கணவனும் மனைவியும் ஒரு சிறு கையச்சுப் பொறியை வாங்கி ரிச்மண்ட் என்னும் ஊரிலிருந்த தம் வீட்டுச் சாப்பாட்டறையில் வைத்தனர். ஹோகார்த் அச்சகம் இவ்வாறு தோன்றியது. இதன் பொருளைக் கவிஞர்கள் கருதிப் பார்க்க வேண்டும். மறு ஆண்டு கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டின் நெடுங்கதையை இவர்கள் கையால் அச்சிட்டனர். 1923இல் எலியட்டின் 'பாழ்நிலம்' வெளிவந்தபோது அதன் எழுத்துகளை வர்ஜீனியாவே ஒவ்வொன்றாகக் கோத்தார். ஒரு கவிதையை எழுத்தெழுத்தாக விரலால் தொட்டுப் படித்தவர், அதை மேலோட்டமாக மதிப்பிட்டுவிட முடியாது.

அச்சிட்டுக் கொடுத்த தோழியே அடியும் கொடுத்தார். 1919 நவம்பரில் வர்ஜீனியாவின் இரண்டாம் புதினமான 'இரவும் பகலும்' பற்றி மேன்ஸ்ஃபீல்ட் எழுதிய மதிப்புரை, உலகப் போர் நடந்ததையே அறியாத பழைய பாணிப் படைப்பு என்ற பொருள்பட அமைந்தது. அது ஆழமான காயம். ஆனால் அடுத்த புதினமான 'ஜேக்கபின் அறை' (1922) முற்றிலும் புதிய வடிவில் வந்தது. அந்த மதிப்புரைதான் காரணம் என்று துணிந்து கூற இயலாது. எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்லவும் எனக்கு மனமில்லை.

அதே 1919 ஏப்ரலில் டைம்ஸ் இலக்கிய இதழில் 'நவீனப் புதினங்கள்' என்ற கட்டுரை பெயரின்றி வந்தது. வெல்ஸ், பென்னட், கால்ஸ்வொர்த்தி ஆகிய மூத்தோர் வாழ்வின் புறப்பொருள்களை அடுக்குகின்றனர். மனத்தின் மேல் விழும் எண்ணற்ற பதிவுகளை விட்டுவிடுகின்றனர் என்று அதில் வாதிட்டார். இதழொன்றில் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' அதற்கு மாற்றாகச் சுட்டப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அக்கட்டுரை திருத்தப்பட்டுப் புகழ் பெற்றது. அதற்கிடையே 1922 செப்டம்பரில் 'யுலிசஸ்' நூலை முழுதும் படித்து முடித்தபோது, அது குறி தவறிய படைப்பென்று நாட்குறிப்பில் எழுதினார். மறுநாளே லெனார்ட் ஓர் அமெரிக்க இதழில் வந்த மதிப்புரையை அவர் கையில் கொடுத்தார். அதைப் படித்ததும், தாம் எண்ணியதைவிட அந்நூல் பெரிது போலும் என்றும், ஆயினும் முதல் உணர்விலும் ஓர் உண்மை உண்டு என்றும் குறித்து வைத்தார். தன் தீர்ப்பை மற்றொரு மதிப்புரையின் முன் நிறுத்தி அசைத்துப் பார்க்கும் இந்த மனநிலை, கடுஞ்சொல்லில் இன்பம் கண்ட 1905ஆம் ஆண்டுப் பெண்ணிடம் இல்லை.

ஆசிரியர்களின் கத்தரிக்கோல் இதற்குள் அவருக்குப் பொறுக்க முடியாததாகிவிட்டது. 1921 டிசம்பரில் ஹென்றி ஜேம்ஸின் பேய்க்கதைகள் பற்றிய கட்டுரையில் காம இச்சையைச் சுட்டும் ஒரு சொல் ஜேம்ஸுக்குப் பொருந்தாத கடுமை உடையது என்று ரிச்மண்ட் தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கூறினார். அவர் சொல்லை மாற்றிக் கொடுத்தார். பிறகு நாட்குறிப்பில், விலகிவிடுவதா, வளைந்து கொடுப்பதா, எதிர்நீச்சல் போடுவதா என்று தம்மையே வினவினார். எதிர்நீச்சல்தான் சரி, ஆனால் நீந்துகிறோம் என்ற நினைவே கையைக் கட்டிப்போடுகிறது என்பது அவர் கண்ட விடை. ஒரு சொல்லுக்காக இவ்வளவு கலக்கமா என்று நாம் நகைக்கலாம். அந்த ஒரு சொல்லில்தான் தேவதை ஒளிந்திருந்தாள்.

விடுதலை அவருடைய சொந்த அச்சகத்தின் வழியே வந்தது. 1925 ஏப்ரலில் ஹோகார்த் வெளியீடாக 'பொதுவாசகர்' என்னும் கட்டுரைத் தொகுதி வந்தது. தலைப்பு டாக்டர் ஜான்சனிடமிருந்து பெறப்பட்டது. அறிஞரும் அல்லர், திறனாய்வாளரும் அல்லர்; தம் இன்பத்துக்காகப் படித்து, கையில் கிடைத்ததைக் கொண்டு தமக்கென ஒரு முழுமையைக் கட்டிக்கொள்பவரே பொதுவாசகர். கேம்பிரிட்ஜ் மறுத்த கல்வியின் குறையை அவர் இங்கே தம் தகுதியாக மாற்றிக்கொண்டார். பழைய மதிப்புரைகள் பலவற்றைத் திருத்தி எழுதினார். சாசரையும் கிரேக்க நாடகங்களையும் புதிதாகப் படித்து எழுதினார். நாள் குறித்த தீர்ப்பு குறைந்தது. மீண்டும் மீண்டும் படித்தல் கூடியது. இரண்டாம் தொகுதி 1932இல் வந்தது.

1927இல் ஹெமிங்வேயின் சிறுகதைத் தொகுதிக்கு அமெரிக்க நாளிதழ் ஒன்றில் எழுதிய மதிப்புரை இக்காலத்துக்குரிய நல்ல சான்று. நூலைத் திறக்கும் முன்னரே திறனாய்வாளர் மனத்தில் என்னென்ன முன்முடிவுகள் திரள்கின்றன என்பதை அதில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே நூலுக்குள் நுழைகிறார். பெயரின்றி இதழின் குரலில் பேசியவர், இப்போது தம் தராசையே வாசகருக்குக் காட்டுகிறார்.

1932இல் இளங்கவிஞர் ஒருவருக்கு எழுதிய கடிதம் தனி நூலாக வந்தது. அக்கால இளையோர் கவிதைகளிலிருந்து பெயர் சுட்டாமல் வரிகளை எடுத்துக் காட்டி, கவிஞர் தம்மையே நோக்கிக்கொண்டிருப்பதைக் குறை கூறினார். முப்பது வயதுக்கு முன் எதையும் அச்சிடாதீர் என்று அறிவுரையும் தந்தார். நம் வட்டத்து இளங்கவிஞர்கள் இதை ஏற்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கீட்ஸ் இதைக் கேட்டிருந்தால் அவருக்கு ஒரு நூலும் இருந்திராது.

1937இல் காங்கிரீவின் நாடகங்களைப் பற்றி எழுதியதோடு டைம்ஸ் இலக்கிய இதழுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு முடிந்தது. அவ்வாண்டு இறுதியில் ரிச்மண்டும் ஓய்வு பெற்றார். 1938 மே மாத நாட்குறிப்பில், சுருக்கி எழுதவும் உயிரோட்டத்துடன் எழுதவும், பேனாவும் குறிப்பேடும் கொண்டு கருத்தூன்றிப் படிக்கவும் அவருக்கு எழுதித்தான் கற்றேன் என்று நன்றியோடு பதிவு செய்தார். சொல்லை மாற்றச் சொன்னவரும் இவரே.

அடுத்த ஆண்டு நவம்பரில் ஹோகார்த் அச்சகம் 'மதிப்புரைத்தல்' என்னும் அவருடைய ஆறு பென்சு சிறுநூலை வெளியிட்டது. இலண்டன் கடைச் சன்னலுக்குள் அமர்ந்து கிழிந்த கால்சட்டை தைக்கும் பெண்களைத் தெருவில் நிற்போர் வேடிக்கை பார்ப்பதுபோல், எழுத்தாளர் வேலை செய்வதை மதிப்புரையாளர் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது என்று நூல் தொடங்குகிறது. ஒரே நூலை ஒருவர் புகழ, மற்றவர் இகழ, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்பது வாதம். எனவே நூலின் சாரத்தைச் சுருக்கித் தந்து, நன்று என்றோ தீது என்றோ ஒரு முத்திரை இட்டால் இதழ்களுக்குப் போதும். உண்மையான மதிப்புரையாளர் மருத்துவரைப் போலத் தனியறையில், கட்டணம் பெற்றுக்கொண்டு, எழுத்தாளரோடு ஒரு மணி நேரம் அந்நூலைப் பற்றி மட்டும் பேசட்டும். அங்கே புகழ்ச்சிக்கும் வெட்கத்துக்கும் வேலையில்லை.

இத்திட்டம் பாதி விளையாட்டு, பாதி வலி. முப்பது ஆண்டுகள் அத்தொழிலால் உண்டவர், அதனால் காயமும் பட்டவர், அதை ஒழித்துவிடலாம் என்கிறார். எழுத்தாளரைத் திருத்துவது திறனாய்வாளர் வேலை. மதிப்புரையாளர் பேசுவது வாசகரிடம், எந்த நூலைப் படிக்கலாம் என்று வாசகருக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும் என்று லெனார்ட் கருதினார். இந்த மறுப்பை அவர் மனைவியின் சிறுநூலிலேயே ஒரு குறிப்பாகச் சேர்த்து அச்சிட்டார். நான் லெனார்ட் பக்கமே சாய்கிறேன். ஆயினும் அந்தத் தனியறையை நம் வட்டம் அமைக்கலாம் என்ற ஆசை எனக்கு உண்டு.

1940 இலையுதிர் காலத்தில், விமானக் குண்டுவீச்சுக்கு இடையே, மற்றொரு 'பொதுவாசகர்' போன்ற இலக்கிய வரலாற்றுக்காக அவர் மீண்டும் குறிப்பேட்டைத் திறந்தார். முதற் பகுதிக்கு 'பெயரிலார்' என்று தலைப்பிட்டு, அச்சு தோன்றுமுன் பாடித் திரிந்த பெயரற்ற பாடகனைப் பற்றி எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. பழைய நோய் திரும்பி வருவதாக அஞ்சிய அவர், 1941 மார்ச் 28ஆம் நாள் சசெக்ஸில் ஊஸ் ஆற்றில் உயிர்நீத்தார். 1950இல் லெனார்ட் வெளியிட்ட தொகுதியொன்றில் 'மதிப்புரைத்தல்' மீண்டும் இடம்பெற்றது. அதன் பின்னே அவருடைய மறுப்புக் குறிப்பும் இருந்தது.