பழஞ்சுவடிகளைத் துணைக்கொண்ட பனித்தீவுத் தலைவர்

வட அட்லாண்டிக் கடலின் நடுவே ஐஸ்லாந்து என்றொரு தீவு இருக்கிறது. எரிமலையும் பனிமலையும் அருகருகே நிற்கும் அந்தத் தீவில் கி.பி. 930-லேயே ஆல்திங் என்ற பொதுமன்றம் அமைந்துவிட்டது. மன்னர் என்று ஒருவரும் இல்லை. ஆண்டுதோறும் கோடையில் திங்க்வெத்லிர் என்ற சமவெளியில் குலத்தலைவர்களும் குடியானவர்களும் கூடிச் சட்டம் வகுத்தார்கள், வழக்குத் தீர்த்தார்கள்.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. 1262-ல் நார்வே மன்னருடன் உடன்படிக்கை செய்து அவருக்குக் கீழ்ப்பட்டார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேயோடு சேர்ந்து டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குள் போனார்கள். 1602 முதல் 1787 வரை, மன்னரின் உரிமம் பெற்ற வணிகரிடமன்றி வேறெவரிடமும் ஒரு மூட்டை மாவுகூட வாங்க அவர்களுக்கு உரிமையில்லை. 1783-ல் லாக்கி எரிமலை வெடித்து, தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மடிந்தனர். 1800-ல் ஆல்திங்கையும் கலைத்துவிட்டார்கள்.

அதற்குப் பதினோராண்டு கழித்து, 1811 ஜூன் 17 அன்று, தீவின் மேற்கு மூலையில் ஹ்ராப்ன்செய்ரி என்ற கடலோரச் சிற்றூரில் யோன் சிகுர்த்சன் பிறந்தார். சிகுர்துர் என்பவரின் மகன் என்பதால் சிகுர்த்சன். நம்மிடையே போலவே அங்கும் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை அவ்வூரின் லுத்தரன் போதகர். சிறுவன் வீட்டிலேயே தந்தையிடம் பாடம் கற்றான். இளைஞரானதும் ரெய்க்யவிக் சென்று தேர்வெழுதி, சில காலம் ஆயரின் எழுத்தராகப் பணியாற்றினார். அங்கேதான் பழைய ஆவணங்களின் மீது அவருக்குத் தீராத ஆசை பிறந்தது.

1833-ல் மேற்படிப்புக்காக டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குக் கப்பலேறினார். கடல் கடந்த அந்த நகரமே அவருக்கு ஆயுள் முழுவதும் இருப்பிடமாயிற்று. பட்டப்படிப்பை அவர் முடிக்கவேயில்லை. ஐஸ்லாந்துக்காரரான ஆர்னி மாக்னூசன் முற்காலத்தில் அரும்பாடுபட்டுத் திரட்டி வைத்த தோல் சுவடிகள் அவரை இழுத்துக்கொண்டன. வறுமையில் வாடிய தீவில் அந்தத் தோல் ஏடுகள் என்ன பாடுபட்டன தெரியுமா? ஓர் ஏட்டை மேற்சட்டை தைப்பதற்கான அளவு மாதிரியாகக் கத்தரித்திருந்தார்கள்! அப்படித் தப்பிப் பிழைத்தவற்றைப் படித்து, படியெடுத்து, பதிப்பிப்பதே யோனின் பிழைப்பு. வருமானமோ சொற்பம்.

இங்கே ஒரு பெண்மணியையும் சொல்லியாக வேண்டும். இங்கிபியோர்க் என்ற உறவினர் பெண்ணுக்கும் அவருக்கும் ஊரைவிட்டுப் புறப்படுமுன்பே மண உறுதி ஆகியிருந்தது. அவருக்கு யோனைவிட ஏழு வயது கூடுதல். திரும்பி வராத மணமகனுக்காக அவர் 12 ஆண்டுகள் காத்திருந்தார். 1845-ல்தான் திருமணம் நடந்தது. பிறகு கோபன்ஹேகனில் அவர்கள் வீடு ஐஸ்லாந்து மாணவர்களுக்கெல்லாம் தாய்வீடாயிற்று. வந்தவர்களுக்கெல்லாம் உணவு பரிமாறிய அந்த அம்மையாரை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1841-ல் யோன் ஓர் ஆண்டிதழைத் தொடங்கினார். ஆல்திங், பள்ளிக்கூடங்கள், வாணிபம் ஆகியவை பற்றி அதில் எழுதினார். 1843-ல் மன்னர் ஆணைப்படி ஆல்திங் ஆலோசனை மன்றமாக உயிர்பெற்றது. கவிஞர்கள் அது பழைய திங்க்வெத்லிரிலேயே கூட வேண்டும் என்று விரும்பினர். யோனோ, ரெய்க்யவிக்கே ஏற்ற இடம் என்றார். பழமையை அவர் அளவுக்கு அறிந்தவர் இல்லை. ஆனால் பழமையில் மயங்கிவிடவில்லை.

1848-ல் டென்மார்க் மன்னர் தம் தனியாட்சியைக் கைவிட்டு, மக்களாட்சிக்கு இணங்கினார். உடனே யோன் ஒரு கேள்வி எழுப்பினார். நம் முன்னோர் உடன்படிக்கை செய்தது மன்னரோடு மட்டுமே. டேனிஷ் மக்களோடு அன்று. மன்னர் தம் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தால், ஐஸ்லாந்தின் பங்கு ஐஸ்லாந்து மக்களிடம் அல்லவா திரும்ப வேண்டும்? ஆறு நூற்றாண்டு பழமையான ஓர் ஆவணம் இப்படி அரசியல் ஆயுதமாயிற்று.

1851-ல் ரெய்க்யவிக்கில் தேசிய மாமன்றம் கூடியது. ஐஸ்லாந்தை டென்மார்க்கின் ஒரு பகுதியாகவே கருதும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. உறுப்பினர்கள் இணங்கவில்லை. நகரில் டேனிஷ் படைவீரர்கள் முன்பே வந்து இறங்கியிருந்தனர். ஆகஸ்ட் 9 அன்று ஆளுநர் திராம்பே பிரபு திடீரென மன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். யோன் எழுந்து, இந்த முறைகேட்டை எதிர்க்கிறேன் என்றார். மற்ற உறுப்பினர்களும் எழுந்து, தாங்கள் அனைவரும் எதிர்ப்பதாக ஒருமித்து முழங்கினர். யாரும் ஆயுதத்தைத் தொடவில்லை.

அன்று கையில் கிடைத்தது ஒன்றுமில்லை. மூன்றாண்டு கழித்து, எல்லா நாட்டாருடனும் வாணிபம் செய்யும் உரிமை சட்டமாயிற்று. ஆனால் சொந்த மக்களே அவரைக் கோபித்த காலமும் உண்டு. தீவின் ஆடுகளுக்குச் சொறிநோய் பரவியபோது, மந்தைகளைக் கொன்றுவிடாமல் மருந்திட்டுக் குணப்படுத்த வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1859-ல் அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்து அதை வலியுறுத்தவும் செய்தார். நோயற்ற ஆடு வைத்திருந்த விவசாயிகளுக்கு அது பிடிக்கவில்லை. அவரோ கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கணக்கு வழக்கிலும் அவர் விடாப்பிடிக்காரர். திருச்சபை நிலங்களை விற்ற பணமும் வாணிப ஏகபோகத்தின் இலாபமும் டென்மார்க்குக்குப் போயிற்றே என்று கணக்கிட்டு, ஆண்டுதோறும் சுமார் 1,00,000 ரிக்ஸ்டாலர் கடன்பட்டிருப்பதாகக் காட்டினார். 1871-ல் டென்மார்க் நிரந்தரமாகத் தர ஒப்புக்கொண்டது 30,000. அதையும் கடனென்று ஏற்கவில்லை. 1874-ல், தீவில் மக்கள் குடியேறிய ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன் நேரில் வந்து அரசியல் சட்டத்தை வழங்கினார். அதற்காக முப்பதாண்டு உழைத்த யோனுக்கு அந்த விழாவுக்கு அழைப்பு இல்லை.

1879 டிசம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் அவர் காலமானார். ஒன்பது நாள் கழித்து இங்கிபியோர்க்கும் கண்மூடினார். மறு ஆண்டு இருவர் உடலும் கப்பலில் தாயகம் வந்து, ரெய்க்யவிக்கில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டன. 1918-ல் ஐஸ்லாந்து தன்னாட்சி பெற்ற தனி அரசாயிற்று. 1944-ல் குடியரசை அறிவிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் ஜூன் 17.

சுவடிகள் மட்டும் கோபன்ஹேகனிலேயே இருந்தன. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், 1971 ஏப்ரல் 21 அன்று டேனிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று முதல் இரண்டு பெருஞ்சுவடிகளை ரெய்க்யவிக் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கடைகள் மூடப்பட்டன, பள்ளிகளுக்கு விடுமுறை. தோல் ஏடுகளை வரவேற்க ஆயிரக்கணக்கானோர் கரையில் திரண்டு நின்றார்கள்.