ஐயுற்ற விசுவாசி

துன்பத்தைப் பற்றி நூலெழுதியவரைத் துன்பமே தேடிவந்து பரீட்சித்த வரலாறு ஒன்றுண்டு. அவ்வரலாற்றுக்குரியவர் ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். 1898ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த அவர், ஒன்பது வயதில் அன்னையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இளமையில் நாத்திகரானார், 1931இல் கிறிஸ்து சமயத்துக்கு மீண்டார். 1940இல் வெளிவந்த அவரது நூல், அன்பே உருவான ஆண்டவன் படைத்த உலகில் வேதனை ஏன் என்னும் வினாவுக்குத் தருக்க முறையில் விடை கூறிற்று.

1956இல் அமெரிக்க எழுத்தாளரான ஜோய் டேவிட்மனை அவர் பதிவுத் திருமணம் செய்தார். அவ்வம்மையார் இங்கிலாந்தில் தங்குதற்கு உரிமை பெறவேண்டுமென்பதே நோக்கம். சில மாதங்களில் அவருக்குப் புற்றுநோய் எனத் தெரிந்தது. நட்பு காதலாயிற்று. 1957 மார்ச்சில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குருவானவர் ஒருவர் அவர்களுக்கு விவாகம் நிறைவேற்றினார். நோய் சிறிது தணிந்தது. மூன்றாண்டு இல்வாழ்வு வாய்த்தது. 1960 யூலை 13இல் ஜோய் மறைந்தார்.

பழைய தருக்கம் லூயிஸுக்குத் துணைவரவில்லை. ஆண்டவன் கொடியவனோ என்றுகூட ஐயுற்றார். அவ்வையங்களை மறையாது குறிப்பேடுகளில் எழுதினார். அவை 1961இல் புனைபெயரில் நூலாயின. அவர் 1963இல் காலமான பின்னரே அது அவர் பெயரில் வெளிவந்தது. விசுவாசம் மெல்ல மீண்டது. வினாக்கள் யாவும் தீர்ந்தனவென்று மட்டும் அவர் சாதிக்கவில்லை.

இழவு விழுந்த வீட்டாரிடம் முன்னைய நூலைக் கொடுக்க எனக்கு மனம் வராது, பின்னையதைக் கொடுப்பேன். ஐயுறுதல் பாவமென்று தம்மையே நொந்துகொள்வோருக்கு, அத்தகைய விசுவாசியும் ஐயுற்றார் என்னும் செய்தி பேராறுதலன்றோ!