தரங்கம்பாடிக்குப் பதில் சொன்ன வீரமாமுனிவர்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் அங்கே டேனிஷ் மிஷன் பள்ளியைப் பார்த்திருப்பார்கள். அது லுத்தரன் சபை வழியில் வந்தது. கத்தோலிக்கக் கோயிலும் அதே ஊரில் உண்டு. இன்று இவ்விரு சபையாருக்கும் பூசல் இல்லை. ஆனால் தமிழ் நாட்டிலே, தமிழிலேயே, இவர்கள் கடுஞ்சமர் புரிந்த காலம் ஒன்று இருந்தது. அதில் கத்தோலிக்கர் பக்கம் நின்று எழுத்தாணி பிடித்தவர் யார் தெரியுமா? தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர்தான்!

சண்டையின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1517-ம் ஆண்டு, காசு வாங்கிக்கொண்டு பாவ தண்டனைக்குச் சலுகைச் சீட்டு வழங்குவதை ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் கண்டித்தார். வேத புத்தகம் ஒன்றே பிரமாணம் என்றும் சொன்னார். இதற்கு விடை காண வட இத்தாலியில் டிரெண்ட் நகரில் கத்தோலிக்கச் சங்கம் கூடியது. நின்று நின்று, 1545 முதல் 1563 வரை அது நடந்தது. வேதத்தோடு அப்போஸ்தலர் வழி வந்த மரபும் வேண்டும் என்று சங்கம் லூதரை மறுத்தது. ஆனால், தன் வீட்டுக் குப்பையையும் கூட்டிற்று. சலுகைச் சீட்டில் காசு பார்ப்பதை ஒழித்தது. ஆயர்கள் தத்தம் மறைமாவட்டத்திலேயே தங்க வேண்டும், குருமாரைப் பயிற்றக் கல்லூரிகள் வேண்டும் என்று விதித்தது. ஒரு கையில் மறுப்பு, மறு கையில் துடைப்பம்!

அந்த வட இத்தாலியிலேதான், காஸ்டிகிலியோனே என்ற ஊரில், 1680-ல் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி பிறந்தார். 1698-ல் ஏசு சபையில் சேர்ந்தார். 1710-ல் கோவா வந்து இறங்கி, அடுத்த ஆண்டே தமிழகம் புகுந்தார். ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கினார். தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டவர், பின்னர் வீரமாமுனிவர் ஆனார். அவரது பல்லக்கையும் பட்டாடையையும் பற்றிச் செவிவழிக் கதைகள் ஏராளம். அவை இருக்கட்டும்.

அவர் வருமுன்பே, 1706-ல், சீகன்பால்கு என்ற லுத்தரன் பாதிரியார் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் கால் வைத்துவிட்டார். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. பாமரனின் கையிலும் வேதம்! கத்தோலிக்கர் கலங்கியதில் வியப்பில்லை.

முனிவர் டிரெண்ட் வழியிலேயே இரண்டு கைகளாலும் பதில் சொன்னார். 1727-ல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். ஊர் ஊராக மறை போதிக்கும் தம்முடைய உபதேசியார்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதே அந்நூல். முதலில் தம் ஆட்களைத் திருத்தினார், பாருங்கள்! அடுத்த ஆண்டு 'வேத விளக்கம்' வந்தது. பிறகு 'பேதகம் மறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்ற கண்டன நூல்கள். தரங்கம்பாடியார் வேதத்தைக் கொச்சைத் தமிழில் கெடுத்துவிட்டார்கள் என்று எள்ளி நகையாடினார். காரம் கொஞ்சம் அதிகம்தான். லூதரைப் பற்றி அவர் எழுதியிருப்பதை இன்று கத்தோலிக்கரே கூசாமல் படிக்க முடியாது. ஆனால், குறை சொன்ன முனிவர் தாமே வேதத்தை முழுதாக மொழிபெயர்த்துத் தரவில்லை. தந்தது தேம்பாவணி. சூசையப்பரைத் தலைவராக்கி 3,615 பாடல்கள்! புலவர்களுக்கு அது பெருவிருந்து. பாமரனுக்கோ எட்டாக் கனி.

எதிரிகளும் சும்மா இருக்கவில்லை. மறுப்புக்கு மறுப்பு எழுதினார்கள். இருந்தாலும், வந்திறங்கும் பாதிரிமார் தமிழ் கற்க வேண்டுமே! பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் முனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை விட்டால் வேறு நல்ல நூல் ஏது? 1738-ல் அந்நூலை அச்சிட்டு வெளியிட்டது, அவர் யாரை எதிர்த்தாரோ அதே தரங்கம்பாடி மிஷன் அச்சுக்கூடம்தான். முனிவர் அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1747-ல் கேரளத்து அம்பழக்காட்டில் காலமானார்.