தம்பியைப் பலிவாங்கிய திரவம்: நைட்ரோகிளிசரினை ஆல்ஃபிரட் நோபல் அடக்கியது எப்படி?

1864 செப்டம்பர் 3. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் ஹெலனபோர்க் பகுதியில் ஒரு கொட்டகை வெடித்துச் சிதறியது. உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது நைட்ரோகிளிசரின். இறந்தவர்களில் ஒருவர் எமில், வயது 20. ஆல்ஃபிரட் நோபலின் கடைசித் தம்பி. சில மாதங்களிலேயே அப்பா இம்மானுவேலும் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார்.

நோபல் நிறுத்தினாரா? இல்லை. நகருக்குள் தயாரிக்கக் கூடாது என்று தடை வந்ததும், மேலாரன் ஏரியில் ஒரு படகை நிறுத்தி அதில் வேலையைத் தொடர்ந்தார்.

அப்படி என்ன இருக்கு அந்தத் திரவத்துல?

பெட்ரோல் எரியணும்னா வெளியிலிருந்து ஆக்ஸிஜன் கிடைக்கணும். மணலைக் கொட்டி மூடினால் சின்ன தீ அணைந்துவிடும். நைட்ரோகிளிசரினுக்கு அந்தக் காற்றே தேவையில்லை. எரிபொருளும் ஆக்ஸிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் இருக்கின்றன. ஒரு அடி, ஒரு உரசல், திடீர் சூடு, ஏதாவது ஒன்று போதும். நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வெடிப்பு பரவி, மொத்தத் திரவமும் சூடான வாயுவாக மாறிவிடும்.

தயாரிப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் கிளிசரினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்த வினையே வெப்பத்தைக் கக்கும். குளிர்விப்பது தவறினால் வெப்பம் வினையை வேகப்படுத்தும், வினை இன்னும் வெப்பத்தைக் கூட்டும். சரியாகக் கழுவாமல் அமிலம் மிச்சமிருந்தால், சும்மா வைத்திருக்கும்போதே சிதையத் தொடங்கும். சுமார் 13 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும் என்பது இன்னொரு தலைவலி. உறைந்ததை இளக்கப்போய் நடந்த விபத்துகள் தனிக் கதை. 1847-ல் இதை உருவாக்கிய இத்தாலியர் அஸ்கானியோ சொப்ரேரோவின் முகத்திலேயே வெடிவிபத்தின் தழும்பு இருந்தது. இதைத் தொழிலுக்குப் பயன்படுத்தவே அவர் தயங்கினார்.

நோபல் தயங்கவில்லை. அவர் முதலில் தீர்த்தது, நினைத்த நேரத்தில் இதை வெடிக்க வைப்பது எப்படி என்ற சிக்கலை. அதற்குக் கண்டுபிடித்ததுதான் டெட்டனேட்டர். நினைக்காத நேரத்தில் வெடிக்காமல் இருக்க வழி கிடைப்பதற்கு முன்பே திரவத்தை ஏற்றுமதி செய்யவும் தொடங்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் கொஞ்சம் கடுமையாகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விலை உடனே தெரிந்தது. 1866 ஏப்ரலில் பனாமாவின் ஆஸ்பின்வால் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று வெடித்துப் பலர் இறந்தனர். அதே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல், கசிந்துகொண்டிருந்த பெட்டியைத் திறக்கப் பார்த்தார்கள். 15 பேர் பலி. ஜெர்மனியின் க்ருமெல்லில் இருந்த நோபலின் சொந்தத் தொழிற்சாலையும் அந்த ஆண்டே வெடித்தது.

அதன் பிறகுதான் தீர்வு வந்தது. மரத்தூள், கரித்தூள் எனப் பலவற்றைச் சோதித்தவர், கடைசியில் கீசல்கர் என்ற மண்ணைப் பிடித்தார். நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான மண் அது. பஞ்சு மாதிரி, தன் எடையைப் போல 3 மடங்கு திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். 1867-ல் காப்புரிமை பெற்ற அந்தப் பசைதான் டைனமைட். கீழே விழுந்தால் சாதாரணமாக வெடிக்காது, டெட்டனேட்டர் வைத்தால் வெடிக்கும். (பெட்டியில் திரவம் கசிந்ததைத் தற்செயலாகப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பது பிரபலமான கதை. நோபலே அதை மறுத்திருக்கிறார்.)

ஆனாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. பழைய டைனமைட் குச்சிகள் வியர்க்கும். கசிந்து வருவது அதே நைட்ரோகிளிசரின்தான்.

355 காப்புரிமைகள், பெரும் சொத்து, திருமணம் இல்லை. கடைசிக் காலத்தில் நோபலுக்கு இதய வலி. மருத்துவர்கள் பரிந்துரைத்த மருந்து என்ன தெரியுமா? நைட்ரோகிளிசரின். நோயாளிகள் பயந்துவிடக் கூடாதென்று மருந்துக்கடையில் அதற்கு ட்ரைநைட்ரின் என்று பெயர்.

1896 டிசம்பர் 10-ல் இத்தாலியின் சான் ரெமோவில் அவர் இறந்தார். அந்த மருந்து உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்பது பிறகுதான் புரிந்தது. ரத்த ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.