கையில் இருந்தது கடைசி பிளேட்... வானத்தையே கறுப்பாக்கிய சிவப்பு ஃபில்டர்! யார் இந்த ஆன்சல் ஆடம்ஸ்?

போனில் ஒரு போட்டோ எடுக்கிறோம். பிடிக்கலையா? ஃபில்டரை மாத்திப் பார்க்கிறோம். அதுவும் சரியில்லைன்னா பழையபடி ஆக்கிடலாம். ஆனால், 1927-ல் ஃபில்டர் என்பது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் நிஜமான கலர் கண்ணாடி. மாட்டி எடுத்துவிட்டால் எடுத்ததுதான். அப்படி ஒரு ஃபில்டரை மாற்றியதில்தான் ஆன்சல் ஆடம்ஸின் வாழ்க்கையே திசை மாறியது.

பியானோவா, கேமராவா?

1902 பிப்ரவரி 20-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார் ஆடம்ஸ். 4 வயதில், 1906 நிலநடுக்கத்தின்போது சுவரில் மோதி மூக்கு உடைந்தது. அந்தக் கோணல் கடைசிவரை சரியாகவில்லை. பள்ளிக்கூடமும் ஒத்துவரவில்லை, பெரும்பாலும் வீட்டில்தான் படிப்பு. பியானோ கலைஞராவதுதான் கனவு.

1916-ல் குடும்பத்தோடு யோசெமிட்டி மலைப்பகுதிக்கு டூர் போனார். அப்போது பெற்றோர் கொடுத்த கோடக் பிரவுனி கேமரா, மலை மீதும் படம் எடுப்பதன் மீதும் காதலை உண்டாக்கியது. ஆனாலும், பியானோவை விட மனசு வரவில்லை.

மிச்சம் ஒரே ஒரு பிளேட்

1927 ஏப்ரல் 10. 25 வயது ஆடம்ஸ், வருங்கால மனைவி வர்ஜீனியா மற்றும் நண்பர்களோடு பனி படிந்த மலையில் ஏறினார். முதுகில் கனமான கேமரா, 12 கண்ணாடி பிளேட்டுகள். ஹாஃப் டோம் என்ற பிரமாண்ட கிரானைட் பாறைக்கு எதிரே நின்றபோது மிச்சம் இருந்தவை இரண்டே பிளேட்டுகள்.

முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த உடனேயே பொறி தட்டியது. படம் ஓகேதான், ஆனால் அந்தப் பாறையைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு அதில் இருக்காது. கடைசி பிளேட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். 5 விநாடி எக்ஸ்போஷர். அவ்வளவுதான்.

சிவப்பு ஃபில்டர் என்ன செய்யும்?

சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை விடும், நீலத்தைத் தடுக்கும். வானம் நீலம் என்பதால், அங்கிருந்து வரும் ஒளி பிளேட்டில் பெரிதாகப் பதியாது. கறுப்பு-வெள்ளைப் படத்தில் அந்த இடம் கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். வெயில் படும் பாறையும் பனியும் சிவப்பு ஒளியையும் பிரதிபலிப்பதால் பளிச்சென்று நிற்கும். உள்ளே வரும் ஒளி குறைவு என்பதால்தான் 5 விநாடி தேவைப்பட்டது.

அதன் பிறகு?

படம் எப்படி வர வேண்டும் என்பதை ஷட்டரை அழுத்தும் முன்பே மனதில் பார்த்துவிடுவது... இதுவே அவருடைய பாணி ஆனது. சில ஆண்டுகளில் பியானோ பின்னுக்குப் போனது. 1932-ல் எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் உள்ளிட்டோருடன் 'எஃப்/64' குழுவைத் தொடங்கினார். பிறகு ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து, ஒளியைக் கணக்கிடும் 'ஸோன் சிஸ்டம்' முறையை உருவாக்கினார்.

படங்களை வைத்து மலைகளுக்காகவும் வாதாடினார். கிங்ஸ் கேன்யன் 1940-ல் தேசியப் பூங்காவானதில் அவர் படங்களுக்கும் பங்குண்டு. 1984 ஏப்ரல் 22-ல், 82 வயதில் காலமானார்.

அன்று ஹாஃப் டோம் மேலே வானம் கறுப்பாக இல்லை, நீலமாகத்தான் இருந்தது. கேமரா பார்த்ததைவிட, தான் உணர்ந்ததுதான் படத்தில் வர வேண்டும் என்று கடைசி பிளேட்டைப் பணயம் வைத்தார் ஆடம்ஸ். அடுத்த முறை போனில் ஃபில்டரைத் தட்டும் முன், என்ன உணர்ந்தோம்னு ஒரு நொடி யோசிச்சுப் பாருங்க!